தேகப் பயிற்சி யாருக்குச் சொந்தம்?

நம்மவர்களுக்கு உடம்பைப் பற்றி ஒரு விசித்திரமான சித்தாந்தம் உண்டு. மோட்டார் வண்டி வாங்கினால் குறித்த தேதியில் தவறாமல் பட்டறைக்குக் கொண்டுபோய் எண்ணெய் மாற்றுகிறோம். கிணற்று மோட்டார் சற்று முனகினால் உடனே ஆளை அழைக்கிறோம். பிறந்த நாள் முதல் ஒரு கணமும் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருக்கும் இருதயம் என்னும் யந்திரத்தைப் பற்றி மட்டும், டாக்டர் முகத்தைச் சுளித்த பிறகுதான் நினைக்கத் தொடங்குகிறோம். "சுவர் இருந்தால்தானே சித்திரம்?" என்று பழமொழி சொல்வதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சுவரில் காரை பெயர்ந்து செங்கல் தெரியும்வரை கொத்தனாரைக் கூப்பிடும் வழக்கம் நம்மிடம் இல்லை.

சென்னையில் இந்தச் சித்தாந்தம் சற்றே மாறிவரும் இடங்களில் அடையாறு ஒன்று. விடியற்காலையில் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குப் போகிறவர்கள், முழங்கால் வலியைச் சபித்துக்கொண்டே நடக்கும் பெரியவர்களையும், மூச்சு வாங்க ஓடும் வாலிபர்களையும், கடலை நோக்கிச் சூரிய நமஸ்காரம் செய்யும் கூட்டங்களையும் காணலாம். காந்தி நகர், கஸ்தூர்பா நகர், இந்திரா நகர், சாஸ்திரி நகர் என்று தேசத்துப் பெரியோர்களின் பெயர் தாங்கிய பேட்டைகளில், கடைகளின் மாடியிலே, கண்ணாடிச் சுவர்களுக்குப் பின்னால், இக்காலத்தில் "ஜிம்" என்று சுருக்கமாக வழங்கும் தேகப் பயிற்சிக் கூடங்கள் விளக்கேற்றி நிற்கின்றன. நின்ற இடத்திலேயே ஓட வைக்கும் யந்திரமும், போகாத ஊருக்கு மிதிக்கும் சைக்கிளும் அங்கே உண்டு. நகைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. ஊருக்குள் நடக்க நடைபாதை இல்லாதபோது மனிதன் வேறு என்ன செய்வான்?

ஆனால் அதே எலியட்ஸ் கடற்கரையை ஒட்டித்தான் ஊரூர் ஆல்காட் குப்பமும் இருக்கிறது. நடக்க வந்தவர்கள் காரை நிறுத்தும் இடத்திலேயே ஆட்டோ ஓட்டுகிறவர்களும் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் எந்தக் கண்ணாடிக் கூடம் திறந்திருக்கிறது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, உடற்பயிற்சிக் கூடத்தார் சில ஆண்டுகளாக எழுப்பிவரும் ஒரு கோரிக்கையை நாம் ஆராய்வோம்.

கூடத்தாரின் வழக்கு

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாக் கொள்ளை நோயின் காரணமாகக் கூடங்கள் யாவும் மூடப்பட்டன. மே மாதத்தில், சென்னை நீங்கலாக மாநிலத்தின் பிற பகுதிகளில், மதுக்கடைகள் திறக்கப்பட்டன. இடையே உயர்நீதிமன்றம் தடுத்தும், உச்சநீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் அவை மீண்டும் திறந்துகொண்டன. உடற்பயிற்சிக் கூடங்களின் கதவோ ஆகஸ்டு 10-ஆம் தேதிதான் திறந்தது. அதுவும் ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். குடிக்கும் இடத்துக்கு மே, உடம்பை வளர்க்கும் இடத்துக்கு ஆகஸ்டு! கள்ளுக்கடை மறியலில் தாய்மார்கள் அடிபட்ட தேசத்தில், வரும்படி தரும் கடைக்கு முன்னுரிமையும் வலிமை தரும் கூடத்துக்குப் பின்வரிசையும் கிடைத்ததை நாம் எளிதில் மறக்கலாகாது.

அந்த மாதங்களில் கூடம் நடத்தியவர்களின் நிலை பரிதாபமானது. இடத்துக்கு வாடகை, யந்திரங்களுக்குத் தவணை, பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் என்று செலவு வந்துகொண்டே இருந்தது; வரவு ஒரு காசும் இல்லை. தங்கள் தொழிலைச் சினிமாக் கொட்டகையோடும் கேளிக்கை மன்றத்தோடும் சேர்த்து எண்ணாமல், மருத்துவத்தோடு சேர்த்து எண்ணவேண்டும் என்று அவர்கள் முறையிட்டார்கள். இரண்டாம் அலையின்போது, 2021 ஏப்ரல் 26 முதல், மறுபடியும் கதவு சாத்தப்பட்டது. முறையீடும் மறுபடி எழுந்தது.

நியாயத்தின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். சர்க்காரின் அச்சம் வீண் அச்சம் அன்று. 2020-இன் தொடக்கத்தில் தென் கொரியாவின் செயோனான் நகரத்தில், நடனத்தோடு கூடிய உடற்பயிற்சி வகுப்புகளிலிருந்து 12 கூடங்களில் 112 பேருக்கு நோய் பரவியதை அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். மூடிய அறையில் பலர் வேகமாக மூச்சு விடுவது அந்நோய்க்குத் தாம்பூலம் வைத்து அழைப்பதுபோல. எனவே மூடியதைக் குற்றம் சொல்வதற்கில்லை.

ஆயினும் கூடத்தாரின் அடிப்படை வாதம் சரியானது என்பதற்கும் அதே கொள்ளை நோய் சாட்சி கூறியது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் கொரோனா கண்ட 48,440 பேரின் மருத்துவக் குறிப்புகளைப் பரிசீலித்து 2021-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முன்னரே ஒழுங்காகத் தேகப் பயிற்சி செய்து வந்தவர்களைவிட, அசையாமல் உட்கார்ந்திருந்தவர்கள் அந்நோயால் மாண்டு போகும் அபாயம் ஏறக்குறைய இரண்டரை மடங்காக இருந்ததாம். பயிற்சி தடுப்பூசி ஆகாது. ஆனால் உடம்பு என்னும் கோட்டைக்கு மதில் எழுப்பும் வேலை அதுதான்.

வரி விஷயத்திலும் இவர்களுடைய கூக்குரல் பல ஆண்டு ஒலித்தது. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது உடற்பயிற்சிக் கூடத்தின் கட்டணத்துக்கு நூற்றுக்கு 18 வீதம் வரி விதிக்கப்பட்டது. ஆரோக்கியத்தைத் தேடிப் போகிறவனிடம் ஆடம்பரம் தேடிப் போகிறவனிடம் போல வரி கேட்பதா என்று கேட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 வீதமாகக் குறைக்கப்பட்டது. யந்திரங்கள் வாங்கும்போது கூடத்தார் செலுத்தும் வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை இப்போது இல்லை. என்றாலும் வாடிக்கைக்காரரின் சுமை குறையவேண்டும் என்பதே மாற்றத்தின் நோக்கம். குறைந்த வரி கட்டணச் சீட்டில் தெரிகிறதா என்று வாசக நேயர்கள் தத்தம் கூடத்தில் கேட்டுப் பார்ப்பது நலம்.

பஸ் கற்பித்த பாடம்

"எங்கள் தாத்தா எந்த ஜிம்முக்குப் போனார்? தொண்ணூறு வயது இருக்கவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. தாத்தா ஜிம்முக்குப் போகவில்லை என்பது மெய். கிணற்றில் நீர் இறைத்தார். கச்சேரிக்கு நடந்து போனார். வயலிலே வரப்பு ஏறி இறங்கினார். அவருடைய நாள் முழுவதுமே தேகப் பயிற்சியாக இருந்தது. பேரன் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறான், வண்டியில் உட்கார்ந்து வீடு வருகிறான், சோபாவில் உட்கார்ந்து ஓய்வு கொள்கிறான். தாத்தாவின் ஆயுளை மட்டும் பிதிரார்ஜிதமாக எதிர்பார்க்கிறான்.

உட்கார்ந்திருப்பதன் கேட்டை முதன்முதலில் தெளிவாகக் காட்டியது லண்டன் நகரத்துப் பஸ். ஜெரெமி மாரிஸ் என்னும் வைத்தியர் 1953-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. மாடி பஸ்ஸில் இரண்டு ஊழியர்கள் இருப்பார்கள். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் சீட்டுக் கொடுக்க நாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்குவார். ஒரே நகரம், ஒரே வண்டி, ஏறக்குறைய ஒரே சம்பளம். ஆனால் மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகமாக வந்தது. கண்டக்டரைக் காத்தது அந்தப் படிக்கட்டுதான் என்று மாரிஸ் சொன்னபோது வைத்திய உலகம் புருவத்தை உயர்த்தியது. பிறகு வந்த எத்தனையோ ஆராய்ச்சிகள் அவர் கூற்றை உறுதிப்படுத்தின.

இதன் காரணம் இன்று நன்றாக விளங்கியிருக்கிறது. உண்ட சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் பெருங்களஞ்சியம் நம் தசைகள். வேலை செய்யும் தசை களஞ்சியத்தின் கதவைத் திறந்து வைக்கிறது. வேலையற்ற தசை சாத்திக்கொள்கிறது. போக இடமின்றிச் சர்க்கரை இரத்தத்திலேயே சுற்றுகிறது. அதுதான் நீரிழிவின் ஆரம்பம். இதை அறிந்தால், நடை மட்டும் போதாது, தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னதன் பொருள் புரியும். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மூச்சுச் சற்று வாங்கும்படி இயங்கவேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்கவேண்டும். குழந்தைகளோ நாள்தோறும் சராசரி ஒரு மணி நேரம் ஓடியாடவேண்டும். இதுவே அதன் விதி.

நாம் இந்த விதியை எவ்வளவு அனுசரிக்கிறோம்? 2024-இல் வெளியான ஓர் உலகக் கணக்கின்படி, 2000-ஆம் ஆண்டில் இந்தியாவில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 22 பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். 2022-இல் அது 49 ஆகிவிட்டது. பெண்களில் நூற்றுக்கு 57 பேர். ஆண்களில் 42 பேர். பாரத தேசத்தில் பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம்! 2023-இல் வெளியான மற்றொரு பேராய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு நோயாளிகள் என்றும், மேலும் 13 கோடிப் பேருக்கு மேல் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்றும் சொல்லிற்று. அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியது நம் சென்னை நகரத்து நீரிழிவு ஆராய்ச்சி நிலையமே.

வாசற்படியில் நிற்பவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? முடியும் என்று காட்டியதும் சென்னைதான். டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் 531 பேரை மூன்று ஆண்டுக் காலம் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் யாவரும் நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவைத் திருத்திக்கொண்டு, தினம் அரை மணி நேரமாவது விரைந்து நடக்கும்படி ஊக்கப்படுத்தப்பட்டவர்களில் 39 பேருக்கே வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குவது ஒரு மருந்துக்குச் சமானம்.

இரண்டு பேட்டைகளின் கதை

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் இரண்டு பேட்டைகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் பரிசோதித்தார்கள். ஒன்று, திருமங்கலத்தில் நடுத்தர வகுப்பார் வசிக்கும் ஏஷியாட் காலனி. மற்றொன்று, தியாகராய நகரில் ஏழை மக்கள் வசிக்கும் பாரதி நகர். அப்போது காலனியில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் நீரிழிவு இருந்தது. பாரதி நகரில் ஆறேழு பேருக்குத்தான். உழைப்பாளிகளுக்குப் பணக்காரர் வியாதி அண்டாது என்ற பழைய நம்பிக்கைக்கு இது பொருத்தமாகவே இருந்தது.

தங்கள் கணக்கைக் கண்டு திடுக்கிட்ட காலனிக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். வைத்தியர்களின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுக் காப்பி குடித்துக் கலைந்துவிடவில்லை. தங்களுக்குள்ளேயே பணம் வசூலித்து, நடப்பதற்கென்று ஒரு பூங்காவை அமைத்துக்கொண்டார்கள். முன்பு நூற்றுக்கு 14 பேர் வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் பயிற்சி செய்து வந்த இடத்தில், பின்னர் 58 பேருக்கு மேல் செய்யலானார்கள்.

பத்து ஆண்டுக்குப் பிறகு மறுபடி கணக்கெடுத்தார்கள். காலனியில் நீரிழிவு 12.4-லிருந்து 15.4 வீதத்துக்கு மெள்ள ஏறியிருந்தது. பாரதி நகரிலோ 6.5 வீதமாக இருந்தது 15.3 வீதமாகத் தாவிவிட்டது! பத்தே ஆண்டில் ஏழையின் பேட்டை பணக்காரப் பேட்டையை எட்டிப் பிடித்துவிட்டது. வருமானத்திலோ, வசதியிலோ, படிப்பிலோ எட்டிப் பிடிக்கவில்லை. வியாதியில் எட்டிப் பிடித்தது. பூங்கா ஒன்றே இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்று நாம் சாதிக்கவில்லை. உணவு மாறியது, உழைப்பு மாறியது, காரணங்கள் பல. ஆனால் தற்காத்துக்கொள்ள ஒரு பேட்டைக்குக் கல்வியும் பணமும் இடமும் இருந்தன, மற்றொன்றுக்கு அவை இல்லை என்பது வெள்ளிடைமலை. நடுத்தர வகுப்பாருக்கு நீரிழிவு வந்தால் மாத்திரைச் செலவு. கூலிக்காரனுக்கு வந்தால் குடும்பமே கடனில் விழும்.

உடற்பயிற்சிக் கூடம் பொது சுகாதாரத்தின் ஓர் அங்கம் என்று கூடத்தார் சொல்வதை நாம் மனமாரக் கொள்கிறோம். கொண்டவுடனே அதன் மறுபாதியையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். குடிநீர் பொது சுகாதாரம் என்றால் காசு உள்ளவன் தெருவுக்கு மட்டும் குழாய் போடமாட்டோம். அம்மை குத்துவது பொது சுகாதாரம் என்பதால்தான் வீடு தேடிச் சென்று குத்தினார்கள். தேகப் பயிற்சியும் அப்படிப்பட்டதே என்றால், அது பாரதி நகருக்கும் ஆல்காட் குப்பத்துக்கும் எட்டும் இடத்தில் இருக்கவேண்டும்.

ஆற்றங்கரையின் ஆஸ்தி

இது அடையாற்றுக்குப் புதிய உபதேசம் அல்ல. இந்த ஆற்றங்கரைக்கு இதில் பரம்பரைப் பாத்தியதையே உண்டு. சுவாமி விவேகானந்தர் 1897-இல் சென்னையில் பேசியபோது, வாலிபர்களுக்கு முதலில் வேண்டியது உடல் வலிமை என்றும், கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்து ஆடுவதால் அவர்கள் சொர்க்கத்தை அதிகம் நெருங்குவார்கள் என்றும் சொல்லிப் பலரைத் திகைக்க வைத்தார். அந்த வார்த்தைக்குச் செயல் வடிவம் தருவதுபோல, ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-இல் இந்நகரில் ஓர் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, இன்று நந்தனத்தில் விளங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆயிற்று. அங்கே கற்றவர்கள் நாடெங்கும் பள்ளிக்கூடங்களுக்கு டிரில் மாஸ்டர்களாகப் போனார்கள். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்துக்கு இந்தியக் கோஷ்டியை அழைத்துச் சென்றவர்களில் பக்கும் ஒருவர். சில மல்லர்களை உருவாக்குவதைவிட, எல்லாக் குழந்தைகளையும் ஆட வைக்கக்கூடிய ஆசிரியர்களை உருவாக்குவதே அக்கல்லூரியின் பெருந்தொண்டு.

வைத்தியத்திலும் இப்பகுதி வழிகாட்டியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் எழுந்தது. குடல், மார்பகம் ஆகிய இடங்களில் வரும் புற்றுநோயின் அபாயத்தைக்கூடத் தேகப் பயிற்சி குறைக்கிறது என்று வைத்தியர்கள் இன்று சொல்கிறார்கள். 1958-இல் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி நிறுவிய வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் என்னும் ஸ்தாபனம் தரமணியில் மருத்துவமனை கண்டது. குடும்பத்தின் வருமானத்துக்குத் தக்கபடி சந்தா. சந்தா செலுத்தியவர்களுக்கு நோய் வருமுன் காக்கும் பரிசோதனையும் வந்தபின் சிகிச்சையும்: இதுதான் அவர் வகுத்த முறை. பணமுள்ளவன் கூடக் கொடுப்பான்; இல்லாதவன் குறையக் கொடுப்பான்; இருவருக்கும் ஒரே வைத்தியம். உடற்பயிற்சிக் கூடத்துக்கு இந்த முறை ஏன் ஒத்துவராது? காலை பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையே யந்திரங்கள் சும்மா நிற்கும் கூடங்கள் எத்தனை? அந்த நேரத்தைக் குறைந்த சந்தாவுக்கு அக்கம் பக்கத்து உழைப்பாளிகளுக்குத் திறந்துவிட்டால், கூடத்தாரின் வழக்குக்கு அதைவிட வலுவான சாட்சி வேறு வேண்டியதில்லை.

சில ஆட்சேபங்கள்

"வீட்டு வேலை செய்யும் எங்களுக்குத் தனியாக எதற்கு?" என்று தாய்மார்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது, குனிந்து பெருக்குவதும், துணி துவைப்பதும், மாடிப்படி ஏறுவதும் பயிற்சிக் கணக்கில் சேர்ந்தவையே. ஆனால் அம்மியும் உரலும் போய் மின்சார யந்திரங்கள் வந்துவிட்டன. தோளுக்கும் தொடைக்கும் இருந்த வேலை விரல் நுனிக்கு வந்துவிட்டது. களைப்பு மட்டும் குறையவில்லை. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்பும் தசையும் தேயத் தொடங்கும். பாரம் தூக்கும் பயிற்சி அந்தத் தேய்வைத் தாமதப்படுத்தும். முதுமையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதைத் தவிர்க்க உதவும். பெண்களுக்குக் குறைவாக இருப்பது மனம் அன்று. அவர்களுக்கென்று ஒதுக்கிய நேரமும், யாரும் உற்றுப் பாராத இடமும்தான்.

"கூடத்துக்குப் போனால் கண்ட பொடியையும் ஊசியையும் பழக்கிவிடுவார்கள்" என்பது தகப்பனார்களின் ஆட்சேபம். இதையும் அலட்சியம் செய்வதற்கில்லை. மூன்று மாதத்தில் சினிமாக் கதாநாயகன் போலாக வேண்டும் என்று ஆசைப்படும் பையனுக்கு, ஆண்மைச் சுரப்பைப் போலச் செய்த மருந்துகளை இரகசியமாகக் கொடுப்பவர்கள் உண்டு. அவை இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும்; சந்ததிக்கே ஊறு செய்யும். கடலைச் சுண்டலும், பருப்பும், முட்டையும், பாலும் தராத எந்தப் பலத்தை டப்பாவில் அடைத்த பொடி தந்துவிடப் போகிறது? தங்கள் தொழில் வைத்தியத்தின் உடன்பிறப்பு என்று வாதாடும் கூடத்தார், வைத்தியனுக்குரிய ஒழுக்கத்தையும் ஏற்கவேண்டும். பயிற்சியாளர்களுக்கு முறையான படிப்பு வேண்டும். மயங்கி விழுந்தவனுக்கு முதலுதவி செய்யத் தெரியவேண்டும். இத்தகைய மருந்து தங்கள் படியேறாது என்று வாசலில் பலகை மாட்டவேண்டும்.

பள்ளிக்கூட மணி

உபாத்தியாயர் என்ற முறையில் நமக்குத் தெரிந்த ஒன்றையும் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையில் விளையாட்டு வகுப்பு என்று ஒன்று இருக்கும். பரீட்சை நெருங்கும்போது கணக்கு ஆசிரியர் அதைக் கடன் வாங்குவார். இந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் கடன் கேட்கும் மரியாதைகூட இல்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள். பெற்றோரும் அதற்கு நன்றி செலுத்துகிறார்கள்! ஒரு மணி நேரம் ஓடியாடிய பையன் அடுத்த மணி நேரத்தில் எவ்வளவு கவனமாகப் பாடம் கேட்கிறான் என்பதை வகுப்பறையில் நிற்கும் எவரும் அறிவார். படிப்புக்காக விளையாட்டைப் பறிப்பது, எண்ணெயை மிச்சம் பிடிக்கத் திரியைக் கிள்ளி எறிவதற்கு ஒப்பாகும்.

செய்ய வேண்டியவை

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வது நன்றி மறந்த பேச்சாகும். "நடப்போம் நலம் பெறுவோம்" என்ற பெயரில் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை வகுக்கும் திட்டத்தை மாநில சர்க்கார் 2023 நவம்பர் 4-ஆம் தேதி பெசன்ட் நகரிலேதான் தொடங்கிற்று. நகராண்மையார் பல வட்டங்களில் உடற்பயிற்சிக் கூடங்களை நிறுவியிருக்கிறார்கள். பூங்காக்களில் இரும்புச் சாதனங்களை நட்டிருக்கிறார்கள். ஆனால் சாதனம் நட்டால் போதாது. எந்தச் சாதனத்தில் எப்படி ஏறவேண்டும் என்று சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். துருப்பிடித்த சங்கிலியும் பூட்டிய கதவும் ஆரோக்கியம் தரமாட்டா.

நாம் கேட்பவை இவைதான். வட்டத்துக்கு ஒரு பொதுக் கூடம், அதில் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர், பெண்களுக்கென்று காலையிலும் மாலையிலும் தனி நேரம். பள்ளிக்கூட மைதானங்கள் மணி அடிக்கும் முன்பும் மணி அடித்த பின்பும் அக்கம் பக்கத்தாருக்குத் திறந்திருக்கவேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் ஊழியர்கள், மாத்திரையோடு அருகிலுள்ள கூடத்தின் விலாசத்தையும் கொடுக்கவேண்டும். தமிழ்நாட்டு டாக்டர்கள் மருந்துச் சீட்டின் முதல் வரியில் நடையையும் பயிற்சியையும் எழுதும் வழக்கத்தை மேற்கொள்ளவேண்டும்.

பெரிய செலவில்லாமலும் ஒரு தேசம் எழுந்து நிற்க முடியும். ஜப்பானில் 1928 முதல் ரேடியோவில் காலைதோறும் இசையோடு பயிற்சி ஒலிபரப்பினார்கள். யுத்தத்துக்குப் பின் சில காலம் நின்றுபோய், 1951-இல் மீண்டும் தொடங்கிற்று. கிழவர்களும் குழந்தைகளும் தொழிற்சாலை ஊழியர்களும் ஒரே தாளத்துக்குக் கைகால் அசைக்கிறார்கள். நம்மிடமோ தண்டாலும் பஸ்கியும், கர்லாக்கட்டையும் சிலம்பமும், சூரிய நமஸ்காரமும் இருக்கின்றன. இவற்றில் பலவற்றுக்கு ஆறடி இடம் போதும்.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்திருப்பதைப் பத்து முறை செய்யுங்கள். அது பஸ்கியின் இளைய சகோதரி. சுவரில் கை ஊன்றித் தள்ளுங்கள். அது தண்டாலின் முதல் பாடம். இரண்டு கையிலும் பாதி நிரம்பிய தண்ணீர் வாளியை ஏந்தித் தாழ்வாரத்தில் நடந்து வாருங்கள். முதல் வாரம் கொஞ்சமாகவும் அடுத்த வாரம் சற்று அதிகமாகவும் செய்வது விவேகம். இருதய நோய் உள்ளவர்களும், நடக்கும்போது நெஞ்சில் பாரம் தோன்றுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக்கூடாது. நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் சட்டைப் பையில் கொஞ்சம் சர்க்கரையும், காலில் நல்ல செருப்பும் இல்லாமல் புறப்படலாகாது.

சொந்தச் செலவில் பூங்கா அமைத்துக்கொண்ட ஏஷியாட் காலனிக்காரர்களை நாம் பாராட்டுகிறோம். அடையாற்று வாசிகள் அதைவிட ஒரு படி மேலே போகவேண்டும். குடியிருப்போர் சங்கங்களின் அடுத்த கூட்டத்தில், தெரு விளக்கும் சாக்கடையும் பேசி முடித்த பிறகு, நம் வட்டத்தில் பொது உடற்பயிற்சிக் கூடம் எங்கே இருக்கிறது, அது எத்தனை மணிக்குத் திறக்கிறது, நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாளும் அவள் புருஷனும் அங்கே போக முடியுமா என்று கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றட்டும். நகராண்மை உறுப்பினருக்கு அதன் பிரதியை அனுப்பட்டும். பதில் வரும்வரை மாதம் ஒரு முறை நினைவூட்டட்டும். அந்தத் தபாலைப் பெட்டியில் போடவாவது நடந்தே போகலாம்.